ஆறாமிடம்: மான் தீவில் ஹொண்டாவின் முதல் ஓட்டம்

புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளை முதன்முறையாகப் பந்தயத்திடலுக்குக் கொண்டு செல்பவர் என்னென்ன செய்யவேண்டும் என்பதை இன்று எவரும் சில நிமிடங்களில் அறிந்துகொள்ளலாம். எஞ்சின் எண்ணெயைப் புதிதாக்க வேண்டும். பிறேக் கட்டைகளின் தடிப்பைப் பார்க்க வேண்டும். ரயர்களின் காற்றழுத்தத்தைத் திடலுக்கு ஏற்றவாறு திருத்த வேண்டும். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, விளக்குகளின் மீது ஒட்டுநாடா ஒட்டவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, முதற் சில சுற்றுகளில் வேகத்தை மறந்து பாதையைப் படிக்கவேண்டும். பெரும்பாலானோருக்கு ஒரு வார இறுதி இதற்குப் போதும்.

இதே தயாரிப்புக்கு ஐந்து ஆண்டுகளைச் செலவிட்ட ஒரு மனிதரின் வரலாற்றையே இங்கு எழுத முற்படுகின்றேன். அவரது பெயர் சொய்சிரோ ஹொண்டா. அந்தப் பெயரை அறியாத தமிழர் வீடு யாழ்ப்பாணத்தில் ஒன்றுகூட இருக்க முடியாது. ஆனால், அந்தப் பெயருக்குரியவர் பந்தயப் பித்துப் பிடித்த ஒருவர் என்பதை நம்மவர்களில் அறிந்தோர் மிகச் சிலரே.

1906ஆம் ஆண்டில் ஹமமற்சு நகருக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றில், ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் அவர். 1936இல் தமா ஆற்றங்கரையில் நடைபெற்ற கார்ப் பந்தயத்தில், தானே மாற்றியமைத்த காரில் தம்பியையும் உடன் ஏற்றிக்கொண்டு ஓடினார். மற்றொரு கார் குறுக்கிட்டது. கார் தூக்கி எறியப்பட்டது. இருவரும் காயங்களுடன் உயிர் தப்பினர். வேறொருவராக இருந்தால் பந்தயம் என்ற சொல்லையே அத்துடன் மறந்திருப்பார்.

போர் முடிந்து சிதைந்து கிடந்த ஜப்பானில், 1946இல் அவர் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். இராணுவத்தின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் வழங்குவதற்கென உருவாக்கப்பட்டு, கேட்பாரற்றுக் கிடந்த சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிள்களில் பொருத்தி விற்றார். அக்காலத்தில் அங்கு பெற்றோலுக்குக் கடுமையான கட்டுப்பாடு. எனவே, பைன் மர வேர்களிலிருந்து எடுத்த எண்ணெயைப் பெற்றோலுடன் கலந்து அந்த எஞ்சின்களை ஓடவைத்தார். புகையும் நாற்றமும் தாங்கமுடியாதவையாக இருந்தனவாம். ஆனால், சைக்கிள் ஓடியது!

இதனை எழுதும்போது தொண்ணூறுகளின் முற்பகுதி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. பொருளாதாரத் தடையின் காரணமாக யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது மருந்துக் குப்பியில் வைத்துப் பூட்டிவைக்க வேண்டிய பொருளாகியிருந்தது. செய்தி சேகரிக்க நான் ஓடித்திரிந்த தொண்ணூறு சி.சி. ஹொண்டா, மண்ணெண்ணெயில்தான் ஓடியது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உதைத்து உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வழியில் நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான். புகையைப் பற்றிக் கவலைப்பட எவருக்கும் நேரமிருக்கவில்லை. பைன் வேர் எண்ணெயில் பிறந்த நிறுவனத்தின் வண்டி மண்ணெண்ணெயில் ஓட மறுக்கவில்லை என்பதை அந்நாட்களில் நான் அறிந்திருக்கவில்லை.

நிற்க. 1948இல் ஹொண்டா நிறுவனம் முறைப்படி உருவாகியது. 1954 மார்ச் மாதத்தில் சொய்சிரோ ஹொண்டா தமது ஊழியர்களுக்கு ஓர் அறிக்கையை வெளியிட்டார். தாம் உருவாக்கிய வாகனத்தின் மூலம் உலகப் பந்தயங்களில் வெல்லவேண்டும் என்பது சிறுவயது முதலான தமது கனவு என்றும், மான் தீவின் ரி.ரி. போட்டியில் பங்குபற்றப் போவதாகவும் அதில் அவர் அறிவித்திருந்தார். அந்த நேரத்தை எண்ணிப் பாருங்கள். அமெரிக்கா, சுவிற்சர்லாந்து, ஜேர்மனி ஆகிய நாடுகளிலிருந்து 45 கோடி யென் பெறுமதியான இயந்திரங்களை வாங்கியதால் நிறுவனம் கடனில் மூழ்கியிருந்தது. கொரியப் போர் முடிவடைந்ததைத் தொடர்ந்து ஜப்பானில் பொருளாதார மந்தநிலை. புதிதாக விட்ட ஸ்கூட்டர் விலைபோகவில்லை. நிறுவனம் மூடப்படுமோ என்று ஊழியர்கள் அஞ்சிக்கொண்டிருந்த வேளையில் முதலாளி உலகப் பந்தயம் பற்றி அறிக்கை விடுகின்றார்! அதனை ஒரு வணிகத் தந்திரம் என்று கூறுவோரும் உளர். ஊழியர்களின் கண்களை வங்கிக் கணக்கிலிருந்து வேறு திசைக்குத் திருப்பியது என்ற அளவில் அதில் உண்மை இருக்கலாம். ஆனால், ஆற்றங்கரையில் தூக்கி எறியப்பட்ட பின்னரும் பந்தயத்தை மறக்காத ஒருவருக்குத் தந்திரம் மட்டுமே நோக்கமாக இருந்திருக்கும் என நான் நம்பவில்லை.

மான் தீவு ஏன்? இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையில் ஐரிஷ் கடலில் கிடக்கும் சிறிய தீவு அது. பிரித்தானிய முடிக்குக் கட்டுப்பட்டதாயினும் தனக்கெனத் தனியான நாடாளுமன்றத்தைக் கொண்டது. 1903ஆம் ஆண்டின் சட்டம் பிரித்தானிய வீதிகளில் மணிக்கு 20 மைல் என வேகத்தைக் கட்டுப்படுத்தியிருந்தது. பந்தயத்துக்காக வீதிகளை மூடவும் அங்கு இடமில்லை. மான் தீவின் நாடாளுமன்றமோ அதற்கெனத் தானே சட்டமியற்றிக்கொண்டது. 1907இல் மோட்டார் சைக்கிள்களுக்கான ரி.ரி. போட்டி அங்கு ஆரம்பமாகியது. 1949இல் உலகக் கிண்ணத் தொடர் தொடங்கியபோது அதன் முதற் போட்டி நடைபெற்றதும் அங்குதான். மதில்களுக்கும் வீடுகளுக்கும் தந்திக் கம்பங்களுக்கும் இடையே, சாதாரண மக்கள் நாளாந்தம் பயணிக்கும் வீதிகளில் ஓடும் பந்தயம் அது. இன்றுவரை 250க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களை அந்தத் தீவின் வீதிகள் பலிகொண்டுள்ளன.

அறிக்கை வெளியாவதற்கு முந்திய மாதத்தில், பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் நடந்த போட்டியொன்றில் ஹொண்டாவின் வண்டி 13ஆம் இடத்தைப் பெற்றிருந்தது. ஜூன் மாதத்தில் சொய்சிரோ ஹொண்டா தாமே மான் தீவுக்குச் சென்றார். ஜேர்மனியின் என்.எஸ்.யு. வண்டிகள் ஓடியதைக் கண்டு திகைத்துப் போனார். அதே கொள்ளளவுள்ள தமது எஞ்சின்களைவிட அவை ஏறக்குறைய மூன்று மடங்கு வலுவுடையவையாக இருந்தன. எதையெதை வாங்க முடியுமோ அவற்றையெல்லாம் வாங்கினார்: பந்தய ரயர்கள், சங்கிலிகள், காபரேற்றர்கள். திரும்பும் வழியில் ரோம் விமான நிலையத்தில் பொதியின் நிறை அதிகம் என்று தடுக்கப்பட்டபோது, பொதியைப் பிரித்துக் கனமான பாகங்களைத் தாமே உடலில் சுமந்துகொண்டு விமானம் ஏறினார் என்றொரு கதை உண்டு. அவரது குணத்துக்கு அது பொருத்தமான கதைதான்.

அடுத்த ஆண்டே பங்குபற்றுவதாகக் கூறிய வாக்கு நிறைவேறவில்லை. ஜப்பானில் ஓடிப்பழகத் தார் பூசிய பந்தயத்திடல் ஒன்றுமே இருக்கவில்லை. அசமா எரிமலையின் அடிவாரத்தில் சாம்பலும் கல்லும் நிறைந்த பாதையில்தான் உள்நாட்டுப் பந்தயங்கள் நடந்தன. அங்குகூட, 125 சி.சி. பிரிவில் புதிதாக வந்த யமஹா 1955இலும் 1957இலும் ஹொண்டாவைத் தோற்கடித்தது. உள்ளூரிலேயே வெல்லாதவர் உலகை வெல்லப் போகின்றாரா என்ற ஏளனம் எழுந்திருக்கும். சுசுக்காவில் ஹொண்டா தமக்கெனத் திடலைக் கட்டி முடித்தது 1962இல்தான்.

1958இல் வெளிவந்த சுப்பர் கப் என்னும் சிறிய வண்டியே நிறுவனத்தின் கடன் சுமையை இறக்கிவைத்தது. அந்தப் பணம் வந்த பின்னர்தான் பந்தய வண்டிக்கு வழி பிறந்தது. அதன் எஞ்சினைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். மொத்தக் கொள்ளளவு 125 சி.சி. அதனை இரண்டு சிலிண்டர்களாகப் பிரித்தனர். ஒவ்வொன்றின் விட்டமும் 44 மில்லிமீற்றர், பிஸ்ரன் நகரும் தூரம் 41 மில்லிமீற்றர். ஒரு சிலிண்டருக்குள் சிறிய தேநீர்க் கோப்பை ஒன்றின் அளவுக்குக்கூட இடமில்லை. வலுவைக் கூட்ட ஒரே வழி, எஞ்சினை மேலும் வேகமாகச் சுழலவைப்பதுதான். நிமிடத்துக்கு 14,000 சுழற்சிகள் என்றால், ஒரு செக்கனில் ஒவ்வொரு வால்வும் 116 தடவைகள் திறந்து மூடவேண்டும். பெரிய வால்வு பாரமானது. அந்த வேகத்தில் அதன் சுருள்வில் அதனைக் கட்டுப்படுத்த இயலாது தடுமாறும். எனவே, சிலிண்டருக்கு இரண்டு பெரிய வால்வுகளுக்குப் பதிலாக நான்கு சிறிய வால்வுகளை வைத்தனர். அந்த நான்கு வால்வுத் தலைப்பாகங்கள், குழுவினர் மான் தீவில் பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோதே ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்தன. அதாவது, பந்தயத்துக்குச் சில நாட்களே இருக்கையில் எஞ்சினின் தலையையே மாற்றினார்கள்! அந்தத் துணிவை எந்த வழிகாட்டி நூலும் இன்று பரிந்துரைக்காது.

1959 மே மாத முற்பகுதியில், கியோஷி கவஷிமாவின் தலைமையில் குழுவினர் தீவை அடைந்து, ஒன்கன் கிராமத்திலுள்ள நர்சரி ஹோட்டலில் தங்கினர். நவோமி தனிகுச்சி, கீச்சி சுசுகி, ஜுன்சோ சுசுகி, தெய்சுகே தனகா ஆகிய நால்வருடன் பில் ஹன்ற் என்ற அமெரிக்கரும் ஓட்டுநராக இருந்தார். எரிமலைச் சாம்பலில் வழுக்கி ஓடிப் பழகியவர்களுக்குத் தார் வீதி முற்றிலும் புதியது. சாம்பலில் வண்டி சறுக்குவது இயல்பு; தாரில் சறுக்கினால் அடுத்த கணம் மதில். புகழ்பெற்ற மலைப்பாதையில் அல்லாது, ஏறக்குறைய 17 கிலோமீற்றர் நீளமான கிளிப்ஸ் பாதையில் பத்துச் சுற்றுகள் அவர்களது பிரிவுக்கு விதிக்கப்பட்டிருந்தன. குறுகிய பாதை என்றால் இலகுவானது என்று எண்ணிவிடக் கூடாது. வளைவுகள் அடிக்கடி வரும் என்பதே அதன் பொருள்.

ஜூன் 3ஆம் திகதி போட்டி. எம்.வி. அகுஸ்ரா வண்டியில் இத்தாலியரான தர்குவினியோ புரொவினி மணிக்கு 74 மைல் என்ற சராசரி வேகத்தில் வென்றார். எம்.இசட். வண்டியில் லூய்கி தவெரி இரண்டாமிடம். டுகாட்டியில் வந்த மைக் ஹெயில்வூட் என்ற இளைஞர் மூன்றாமிடம். பில் ஹன்ற் விழுந்து விலக நேர்ந்தது. தனிகுச்சி ஆறாம் இடத்தில் வந்தார். வென்றவருக்கு ஏழு நிமிடங்களுக்கும் மேல் பின்னால்! அவருக்கு அடுத்து கீச்சி சுசுகி ஏழாமிடம், தனகா எட்டாமிடம், ஜுன்சோ சுசுகி பதினொராமிடம்.

ஆறாமிடத்துக்கு அன்று உலகக் கிண்ணத் தொடரில் ஒரேயொரு புள்ளி கிடைக்கும். அந்த ஒரு புள்ளி ஜப்பானுக்குக் கிடைத்தது. அதைவிடப் பெரிய செய்தி வேறொன்று. மூன்று வண்டிகளும் அடுத்தடுத்து ஓட்டத்தை நிறைவு செய்தமையால் உற்பத்தியாளர் அணிக்கான பரிசு ஹொண்டாவுக்கே வழங்கப்பட்டது. ஐரோப்பிய நிறுவனங்களின் வண்டிகள் வேகமாக ஓடின. ஆனால், ஹொண்டாவின் வண்டிகளே ஒன்றாக ஓடி முடித்தன. பிரித்தானிய மோட்டார் சைக்கிள் நிறுவனத்தார் அன்றே இதனைக் கவனித்திருந்தால் அவர்களது தொழிற்சாலைகளின் கதி வேறு விதமாக அமைந்திருக்கலாம் என்பது எனது எண்ணம். வேகம் பணத்தால் வாங்கக்கூடியது. உடையாமல் ஓடுவதை அவ்வாறு வாங்க முடியாது.

இரண்டே ஆண்டுகளில், 1961இல், அதே தீவில் 125 சி.சி., 250 சி.சி. ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களையும் ஹொண்டா கைப்பற்றியது. இரண்டிலும் வென்றவர், 1959இல் டுகாட்டியில் மூன்றாவதாக வந்த அதே மைக் ஹெயில்வூட். 1961இல் ஸ்பெயினில் ஹொண்டாவுக்கு முதலாவது உலகக் கிண்ண வெற்றியைப் பெற்றுக்கொடுத்த அவுஸ்திரேலியர் ரொம் பிலிஸ், அடுத்த ஆண்டே மான் தீவின் மலைப்பாதையில் உயிரிழந்தார். ஏழாமிடம் பெற்ற கீச்சி சுசுகி, 1963இல் ஹொண்டாவின் சிறிய காரை ஓட்டிக்கொண்டு லியேஜ்–சோபியா–லியேஜ் நெடுந்தூரப் போட்டியில் பங்குபற்றியபோது யூகோஸ்லாவியாவில் விபத்தில் மரணமானார். குழுத் தலைவர் கவஷிமா, 1973இல் சொய்சிரோ ஹொண்டா ஓய்வுபெற்றபோது அந்த நிறுவனத்தின் தலைவரானார்.