சொற்பொழிவு முடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சமயச் சொற்பொழிவுகளால் சமுதாயத்திற்கு என்ன பயன்?" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கேள்வியிலேயே கொஞ்சம் சலிப்புத் தெரிகிறது. பேச்சாளர் வருகிறார், பேசுகிறார், பொன்னாடை போர்த்துகிறார்கள், தேநீர் அருந்திவிட்டுக் கலைகிறார்கள். மறுநாள் கேட்டால் என்ன பேசினார் என்பது யாருக்கும் நினைவில்லை என்பது பலருடைய குறை. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனாலும் ஒரு சமயப் பேச்சாளரின் வருகை சிங்கப்பூருக்கு விட்டுச் சென்ற அமைப்பு ஒன்று 75 ஆண்டுகளைக் கடந்து இன்றும் இயங்குகிறது. அது தொடங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், இதே ஊரில் நடந்த இன்னொரு மேடைப் பேச்சு கலவரத்தோடு சேர்த்து நினைக்கப்படுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் கேள்விக்கு விடை கிடைக்கும்.

பக்கத்து வீட்டு உறவு

முதலில் 1949-க்கு முந்திய நிலையைப் பார்ப்போம். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியா முஸ்லிம்கள் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவியது 1826-ஆம் ஆண்டு. சில அடி தூரத்தில் நாராயண பிள்ளையின் முயற்சியால் மாரியம்மன் கோயில் எழுந்தது 1827-ஆம் ஆண்டு. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நாகூர் ஆண்டவரின் நினைவாகத் தர்கா கட்டப்பட்டது 1828-க்கும் 1830-க்கும் இடையில். அதே சாலையில் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில் 1842-இல் கட்டி முடிந்தது. 1887-இல் வெளிவரத் தொடங்கிய "சிங்கை நேசன்" வார இதழின் ஆசிரியர் மகுதூம் சாயபு ஒரு தமிழ் முஸ்லிம். இந்த ஊர்த் தமிழர் அனைவருக்குமான இதழாக அதை அவர் நடத்தினார்.

ஆக, நம் முன்னோர் பக்கத்துப் பக்கத்தில்தான் வாழ்ந்தார்கள். ஒருவர் வீட்டு நல்லது கெட்டதில் இன்னொருவர் கலந்துகொண்டார்கள். ஆனால் பக்கத்தில் வாழ்வது வேறு, "நீங்கள் எதை நம்புகிறீர்கள், ஏன் நம்புகிறீர்கள்?" என்று மனம்விட்டுக் கேட்பது வேறு. முதலாவது இருந்தது. இரண்டாவதற்கு எல்லாச் சமயத்தாரும் உட்காரக்கூடிய பொதுவான ஓர் இடம் இல்லை.

மீரட்டிலிருந்து வந்த மௌலானா

அந்தக் குறையைத் தீர்க்க வழி சொன்னவர் மௌலானா முகம்மது அப்துல் அலீம் சித்தீக்கி. வட இந்தியாவின் மீரட் நகரில் 1892-இல் பிறந்தவர். ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று பல நாடுகளுக்கும் பயணம் செய்து இஸ்லாமியச் சொற்பொழிவு ஆற்றியவர். 1954-இல் மதீனாவில் காலமானார்.

சிங்கப்பூருக்கும் அவருக்கும் உறவு முன்பே உண்டு. அவருடைய தூண்டுதலால் 1932-இல் இங்கே அகில மலாயா முஸ்லிம் மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. இன்று நாம் ஜாமியா சிங்கப்பூர் என்று அழைப்பது அதைத்தான். தெலுக் குராவ் வட்டாரத்தில் உள்ள பள்ளிவாசல் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் எப்படிப்பட்ட பேச்சாளர் என்பதற்கு ஒரு சான்று. 1935-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாசா துறைமுக நகரில் நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷாவை அவர் சந்தித்தார். மதங்களைக் கிண்டலடிப்பதில் பேர்போனவர் ஷா. மௌலானாவோ சமயப் பணிக்கே வாழ்வை ஒப்படைத்தவர். இருவரும் சமயத்தையும் அறிவியலையும் பற்றி மரியாதையோடு உரையாடினார்கள். அந்த உரையாடல் 1936-இல் அச்சேறியது லண்டனில் அல்ல. சிங்கப்பூரில் மிஷனரி சங்கம் நடத்திய ஆங்கில இதழில். தம் கருத்தை ஏற்காதவரோடும் உட்கார்ந்து பேச முடியும் என்று காட்டியவர் அவர்.

1949-இல் அவர் மறுபடியும் சிங்கப்பூர் வந்தார். அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். ஜப்பானிய ஆட்சி முடிந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. 1947-இல் இந்தியப் பிரிவினையில் சமயத்தின் பெயரால் ரத்த ஆறு ஓடியிருந்தது. 1948-இல் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டிருந்தது. இந்தச் சூழலில் பல சமயத் தலைவர்கள் கூடியிருந்த இடத்தில் மௌலானா ஒரு யோசனை சொன்னார். சமயங்கள் ஒன்றோடொன்று மோதாமல், எல்லாச் சமயங்களும் போற்றும் நற்பண்புகளுக்காக ஒன்றுசேர்ந்து பாடுபட ஓர் அமைப்பு வேண்டும் என்பதே அந்த யோசனை. கூடியிருந்தவர்கள் கைதட்டியதோடு நிற்கவில்லை. 1949 மார்ச் 18-ஆம் தேதி சமயங்களுக்கிடையிலான அமைப்பு பிறந்தது. ஐ.ஆர்.ஓ என்று நாம் சுருக்கிச் சொல்வது இதைத்தான். இன்று அதில் 10 சமயங்களின் பிரதிநிதிகள் இருக்கிறார்கள்.

1950 டிசம்பர்

கதை இங்கே முடிந்திருந்தால் சுகமாக இருக்கும். ஆனால் அடுத்த ஆண்டே நத்ரா விவகாரம் வந்தது.

மரியா ஹெர்டோக் என்ற டச்சுக் கத்தோலிக்கச் சிறுமி, போர்க் காலத்தில் ஜாவாவில் அமீனா என்ற முஸ்லிம் பெண்ணிடம் சேர்ந்து, நத்ரா என்ற பெயரில் அவர் மகளாகவே வளர்ந்தாள். போர் முடிந்ததும் பெற்றோர் அவளைத் தேடினார்கள். வழக்கு சிங்கப்பூர் நீதிமன்றத்திற்கு வந்தது. இதற்கிடையில் 13 வயதில் அவளுக்கு முஸ்லிம் முறைப்படி திருமணமும் நடந்துவிட்டது. 1950 டிசம்பர் 2-ஆம் தேதி, அந்தத் திருமணம் செல்லாது, சிறுமியைப் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அவளைக் கன்னிமாடம் ஒன்றில் தங்கவைத்தார்கள். அங்கே அவள் இருக்கும் படங்களைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. முஸ்லிம்களின் மனம் கொதித்தது.

டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. சுல்தான் பள்ளிவாசலில் கூட்டம். பேசியவர் நத்ரா நடவடிக்கைக் குழுவின் தலைவர் கரீம் கனி. அவர் நம் தமிழர், இந்திய விடுதலைப் போராட்டத்தில் நேதாஜியோடு நின்றவர், பத்திரிகை ஆசிரியர். அன்று அவர் பேச்சில் ஜிஹாத் என்ற சொல் இடம்பெற்றது. அது கடைசி வழி என்றுதான் அவர் குறிப்பிட்டார். ஆனால் கொதித்துப் போயிருந்த கூட்டத்தின் காதில் "கடைசி வழி" என்பது விழாமல், சொல் மட்டும் விழுந்தது. டிசம்பர் 11-ஆம் தேதி மேல்முறையீடு தள்ளுபடியானது. நீதிமன்றத்திற்கு வெளியே திரண்ட கூட்டம் கட்டுமீறியது. மூன்று நாள் கலவரத்தில் 18 பேர் உயிரிழந்தார்கள், 173 பேர் காயமடைந்தார்கள். கரீம் கனி கைதாகித் தடுத்துவைக்கப்பட்டார்.

பழியை ஒரு பேச்சாளர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. விசாரணைக் குழு காவல்துறையின் மெத்தனத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. முஸ்லிம் குடும்ப விவகாரத்தைக் காலனி நீதிமன்றம் கையாண்ட விதத்தில் மக்களுக்கு உண்மையான மனவேதனை இருந்தது. பின்னர் 1957-இல் முஸ்லிம் சட்டம் இயற்றப்பட்டு, 1958-இல் ஷரியா நீதிமன்றம் ஏற்பட்டது. நியாயமான குறைக்கு வழி பிறக்காத இடத்தில் இனிமையான பேச்சு மட்டும் மனத்தை ஆற்றாது. சமய நல்லிணக்கம் பேசும் நாம் இதை மறந்துவிடக் கூடாது.

என்ன வேறுபாடு?

"ஐ.ஆர்.ஓ இருந்தும் கலவரம் நடந்ததே, பிறகு என்ன பயன்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்போது அந்த அமைப்புக்கு வயது 21 மாதம்கூட நிறையவில்லை. தலைவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். தெருவில் நின்ற மக்கள் அறிந்திருக்கவில்லை. அதுதான் காரணம் என்று நான் கருதுகிறேன்.

இரண்டு மேடைகளையும் ஒப்பிட்டால் மூன்று வேறுபாடுகள் தெரிகின்றன. ஒன்று, எதிரே இருந்தவர்கள். 1949-இல் மாற்றுச் சமயத்தவரும் உடனிருந்தார்கள். அங்கே பேசுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பேச வேண்டும். 1950-இல் ஒரே வேதனையைச் சுமந்த ஒரே சமூகம் கூடியிருந்தது. இரண்டு, நேரம். முதலாவது சண்டை இல்லாத வேளையில் பேசியது. இரண்டாவது சண்டையின் நடுவில் பேசியது. மூன்று, மிஞ்சியது. முதலாவது ஓர் அமைப்பை விட்டுச் சென்றது. இரண்டாவது வடுவை விட்டுச் சென்றது.

1964 ஜூலை 21-ஆம் தேதி, நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தில் மூண்ட இனக்கலவரத்தில் 23 பேர் மாண்டார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். அதன்பின் தொகுதிதோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. கடைக்காரர், ஆசிரியர், தெருவில் நாலு பேருக்குத் தெரிந்தவர் என்று சாதாரண மனிதர்கள் அதில் இடம்பெற்றார்கள். 1949-இல் மேல்மட்டத்தில் தொடங்கியது 1964-இல்தான் தெருவுக்கு இறங்கியது என்று சொல்லலாம். அந்த ஜூலை 21-ஐத்தான் நம் பள்ளிகள் 1997-இலிருந்து இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கின்றன.

2001 செப்டம்பர் 11 தாக்குதலும், அதே ஆண்டு டிசம்பரில் இங்கு நடந்த ஜமாஆ இஸ்லாமியா கைதுகளும் நம்மை மறுபடியும் சோதித்தன. இம்முறை நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை. 2002-இல் இன நம்பிக்கைக் குழுக்கள் அமைந்தன. 2003-இல் சமய நல்லிணக்கப் பிரகடனம் வெளியானது. 2006-இல் பீஷான் அந்நஹ்தா பள்ளிவாசலில் நல்லிணக்க நிலையம் திறக்கப்பட்டது. முஸ்லிம் அல்லாதவர்கள் அங்கே போய் இஸ்லாத்தைப் பற்றி மனத்தில் உள்ளதைக் கேட்கலாம். சங்கடமான கேள்வியாக இருந்தாலும் கேட்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். பேச்சாளர் பேசும்போது அரங்கம் அமைதியாக இருக்கும். கேள்வி நேரம் வந்ததும்தான் உயிர் வரும். "உங்கள் வேதத்தில் இப்படி இருக்கிறதாமே?" என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்பார். அந்தத் தயக்கத்தை மதித்து மற்றவர் பதில் சொல்லும் இடத்தில்தான் புரிந்துணர்வு தொடங்குகிறது. நம் ஏற்பாட்டாளர்கள் பலர் வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாவற்றுக்கும் தாராளமாக நேரம் கொடுத்துவிட்டு, கடைசியில் "நேரமின்மை காரணமாக" கேள்விகளை வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வாழ்த்துரைகளை வெட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீலாது விழாவுக்கு முஸ்லிம்கள் மட்டும், திருமுறை வகுப்புக்கு இந்துக்கள் மட்டும், கிறிஸ்துமஸ் செய்திக்குக் கிறிஸ்துவர்கள் மட்டும் என்றால் நாம் 1949-க்கு முன்னால் நிற்கிறோம் என்று பொருள். நம் எல்லாருக்கும் பொதுவாகத் தமிழ் இருக்கிறது. இஸ்லாமிய வரலாற்றையும் சிந்தனையையும் மொழிபெயர்ப்பாளர் துணையின்றி நேராகக் கேட்டு, நேராகக் கேள்வி கேட்க நம்மால் முடியும். மற்ற சமூகங்களுக்கு எளிதில் கிடைக்காத வசதி இது.

அடுத்த முறை பள்ளிவாசலிலோ சமூக மன்றத்திலோ இஸ்லாமியச் சொற்பொழிவு என்று அறிவிப்பு வந்தால், முஸ்லிம் அன்பர்கள் பக்கத்து வீட்டு இந்து, கிறிஸ்துவ நண்பர் ஒருவரையாவது அழைத்து வாருங்கள். அழைக்கப்பட்டவர்கள் போய் உட்காருங்கள், கேளுங்கள், சந்தேகத்தை அங்கேயே கேட்டுவிடுங்கள். திரும்பும்போது பக்கத்து நாற்காலிக்காரரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் ஏதாவது புகைச்சல் கிளம்பும் நாளில், செய்தி உண்மையா வதந்தியா என்று கேட்க உங்களுக்கு ஒருவர் இருப்பார்.