இறுதிச்செலவுக் காப்பீடு (அமெரிக்கா)

இறுதிச்செலவுக் காப்பீடு என்பது, ஒருவர் இறந்தபின் அவருடைய அடக்கச் செலவுக்கும் மிச்சமிருக்கும் சில்லறைக் கடன்களுக்கும் ஆகுமளவு சிறு தொகை தரும் ஆயுள் காப்பீடு. அமெரிக்காவில் இது பெரும்பாலும் 50 முதல் 85 வயது வரை உள்ளவர்களுக்கு, ஏறத்தாழ 5,000 முதல் 25,000 டாலர் வரையான தொகைக்கு, மருத்துவப் பரிசோதனை இல்லாமல் விற்கப்படுகிறது. வாங்குவோரில் கணிசமானோர் மாதாந்தர அரசு ஓய்வூதியத்தை மட்டுமே நம்பி வாழ்பவர்கள். சிறு தொகைப் பாலிசியை ஆள் வைத்து விற்கவும் வசூலிக்கவும் பெருஞ்செலவு பிடிக்கும். அந்தச் செலவை யார் சுமப்பது என்பது இத்தொழிலில் ஒன்றரை நூற்றாண்டாகத் தீராத வழக்கு.

முன்னோடிகள்

அடக்கச் செலவுக்குக் கூட்டாகப் பணம் சேர்க்கும் வழக்கம் மிகப் பழையது. ரோமுக்குத் தெற்கே லனுவியம் என்னும் ஊரில் கிடைத்த கி.பி. 136ஆம் ஆண்டுக் கல்வெட்டு, டயானா தெய்வத்தின் பெயரால் இயங்கிய ஒரு சங்கத்தின் விதிகளைத் தருகிறது. சேருபவர் 100 செஸ்டர்ஸ் பணமும் ஒரு சாடி நல்ல மதுவும் கொடுக்க வேண்டும். பிறகு மாதச் சந்தா. இறந்தால் 300 செஸ்டர்ஸ் ஈமச்செலவுக்குக் கிடைக்கும். அடிமைகளும் உறுப்பினராக இருந்தார்கள். அடிமை ஒருவன் இறந்து, எசமான் உடலைத் தர மறுத்தால், உருவம் செய்து வைத்து அதற்குச் சடங்கு நடத்த வேண்டும் என்கிறது ஒரு விதி. உடல் கிடைக்காவிட்டாலும் மரியாதை கிடைத்தாக வேண்டும் என்ற பிடிவாதம் அதில் தெரிகிறது. இத்தகைய சங்கங்களுக்கும் பிற்கால ஐரோப்பியச் சங்கங்களுக்கும் நேர்த்தொடர்ச்சி உண்டென்று நிறுவப்படவில்லை.

இங்கிலாந்தில் 1832இன் உடற்கூறியல் சட்டம், உரிமை கோர ஆளின்றி ஏழையர் விடுதிகளில் இறந்தவர்களின் உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்க வழிசெய்தது. அதன்பின் அடக்கச் சங்கங்களில் சந்தா கட்டுவது ஏழைக் குடும்பங்களுக்கு உணவுக்கு அடுத்த கடமையாயிற்று. சங்கப் பணத்துக்காகக் குழந்தைகள் கொல்லப்பட்டதாக அக்காலத்தில் குற்றச்சாட்டு எழுந்தது. சில வழக்குகள் நடந்தன என்றாலும், அது பரவலான வழக்கமா, மேட்டுக்குடியினரின் அச்சமா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. 1848இல் தொடங்கிய இலண்டன் புருடென்ஷியல் நிறுவனம் 1854 முதல் வாரம் ஒரு பென்னிக்குத் தொழிலாளர் பாலிசிகளை விற்றது.

வாரத்தவணைக் காலம்

அமெரிக்க வரலாற்றில் மிக விரிவான ஆவணங்கள் உள்ள காலம் இதுவே. 1875இல் ஜான் டிரைடன் என்பவர் நியூஜெர்சியின் நியூவார்க் நகரில் இலண்டன் நிறுவனத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பெயரும் புருடென்ஷியல்தான், ஆனால் இரண்டுக்கும் உரிமைத் தொடர்பு இல்லை. 1879இல் மெட்ரோபாலிடன் லைஃப் நிறுவனமும் பாஸ்டனின் ஜான் ஹான்காக் நிறுவனமும் இதே தொழிலில் இறங்கின. இந்த வேலையில் தேர்ந்த ஆட்கள் உள்ளூரில் கிடைக்காததால் மெட்ரோபாலிடன் இங்கிலாந்திலிருந்து முகவர்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றி வரவழைத்தது.

தவணை பெரும்பாலும் வாரத்துக்கு 5 சென்ட், அல்லது அதன் மடங்கு. வழக்கமான காப்பீட்டில் தொகையை முடிவுசெய்துவிட்டு அதற்கேற்ற பிரீமியத்தைக் கணக்கிடுவார்கள். இங்கே அது தலைகீழ். 5 சென்ட் மாறாது. சேரும் வயது கூடக் கூட, அந்த 5 சென்டுக்குக் கிடைக்கும் தொகை குறையும். கையில் ஒரே ஒரு நாணயம் இருப்பவரிடம் விற்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

ஒவ்வொரு முகவருக்கும் சில தெருக்கள் ஒதுக்கப்பட்டன. அந்த வட்டாரத்துக்கும் அதில் வர வேண்டிய வாரப் பாக்கிக்கும் சேர்த்து ‘டெபிட்’ என்று பெயர். முகவரிடம் ஒரு பெரிய வசூல் புத்தகம். வீட்டில் ஒரு சிறிய ரசீதுப் புத்தகம். சம்பள நாளை ஒட்டி அவர் வருவார். பெரும்பாலும் வீட்டுப் பெண்களே பணம் கொடுப்பார்கள். அவர் வீட்டுப் புத்தகத்தில் தேதியிட்டுக் கையெழுத்திட்டு, தம் புத்தகத்திலும் குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார். சில வாரம் தவறினால் பாலிசி காலாவதி. காலாவதியான பாலிசியின் மதிப்பு முகவரின் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டதால், பணமில்லாத வாரங்களில் சில முகவர்கள் தம் கைக்காசைப் போட்டுத் தவணையை ஓட்டினார்கள். இது இரக்கமா, கணக்கா என்று பிரித்துச் சொல்வது கடினம், இரண்டும் கலந்திருந்திருக்கும்.

இந்த 5 சென்ட்களின் திரட்சி வியப்பூட்டுவது. மெட்ரோபாலிடன் 1909இல் நியூயார்க்கில் கட்டி முடித்த 700 அடிக் கோபுரம், 1913இல் வூல்வொர்த் கட்டடம் எழும்வரை உலகின் மிக உயரமான கட்டடமாக இருந்தது. அதே 1909இல் அந்நிறுவனம், செவிலியர் லில்லியன் வால்டின் யோசனையை ஏற்று, நோயுற்ற பாலிசிதாரர்களின் வீடுகளுக்கு இலவசமாகச் செவிலியரை அனுப்பத் தொடங்கியது. 1953 வரை நீடித்த இச்சேவையில், நோயாளி இருக்கும் வீட்டைப் பல சமயம் அடையாளம் காட்டியவர் வாரந்தோறும் கதவைத் தட்டிய முகவரே. இறப்பு குறைந்தால் நிறுவனத்துக்கும் ஆதாயம்தான். ஆனாலும் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் வேறு நாதியில்லாத குடியிருப்புகளில் அச்செவிலியரின் வருகை எத்தகைய பேறாக இருந்திருக்கும் என்பதை இங்கே குறிப்பிடாமல் விட முடியாது.

கண்டனமும் அதே அளவு கடுமையாக இருந்தது. 1905இல் நியூயார்க் சட்டமன்றத்தின் ஆம்ஸ்டிராங் குழு காப்பீட்டு நிறுவனங்களைத் துருவி விசாரித்தது. வழக்கறிஞராக இருந்து கேள்வி கேட்டவர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ். மறு ஆண்டு பாஸ்டன் வழக்கறிஞர் லூயி பிராண்டைஸ், மாசசூசெட்ஸ் தொழிலாளர்கள் 15 ஆண்டுகளில் கட்டியது சுமார் 6.1 கோடி டாலர், திரும்பப் பெற்றது 2.2 கோடிக்கும் குறைவு என்று எழுதினார். எஞ்சியதில் ஒரு பகுதி எதிர்கால உரிமைகளுக்கான இருப்பு நிதி என்பது நிறுவனங்களின் மறுப்பு. வசூலுக்கும் காலாவதிக்கும் போனது எவ்வளவு என்பதில் இரு தரப்புக் கணக்கும் ஒட்டவே இல்லை.

பிராண்டைஸின் முயற்சியால் 1907இல் சேமிப்பு வங்கிகளே முகவர் இல்லாமல் மலிவான காப்பீடு விற்க மாசசூசெட்ஸ் சட்டமியற்றியது. விலை குறைவு, பாலிசி தரமானது. ஆனால் வாடிக்கையாளர் தாமே தேடிவர வேண்டும், பெருந்தொகையினர் வரவில்லை. கதவைத் தட்டும் ஆளுக்குத்தான் பெருஞ்செலவாயிற்று; அவர் தட்டாத கதவுகளுக்குள் காப்பீடு நுழையவும் இல்லை. இந்த முரணை அதன்பின் வந்த எந்தச் சீர்திருத்தமும் முழுதாக அவிழ்த்ததாகத் தெரியவில்லை.

நிறப் பாகுபாடு

1881இல் நியூவார்க் புருடென்ஷியல், கறுப்பின வயதுவந்தோருக்கு அதே தவணைக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவான தொகையே தரப்படும் என்று அறிவித்தது. 1884இல் மாசசூசெட்ஸ் இதைச் சட்டத்தால் தடுத்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1896இல் அந்நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஃபிரெடெரிக் ஹாஃப்மன், கறுப்பினத்தாரின் இறப்பு வீதத்துக்கு இன இயல்பே காரணம் என்று வாதிட்டு நூல் வெளியிட்டார். வாழ்நிலையை விட்டுவிட்டு இரத்தத்தைக் காரணம் காட்டுவது பிழை என்று டபிள்யூ. இ. பி. டுபாய்ஸும் கெல்லி மில்லரும் உடனுக்குடன் மறுத்து எழுதினார்கள்.

பெரிய நிறுவனங்கள் விட்ட இடத்தில் கறுப்பினத்தாரின் சொந்த நிறுவனங்கள் வளர்ந்தன. 1898இல் டர்ஹம் நகரில் நார்த் கரோலினா மியூச்சுவல் நிறுவப்பட்டது. அடிமையாகப் பிறந்து முடிதிருத்தும் தொழிலில் செல்வந்தரான அலான்சோ ஹெர்ன்டன், 1905இல் அட்லாண்டா லைஃப் நிறுவனத்துக்கு அடித்தளமிட்டார். முகவர் வேலை தென்மாநிலங்களில் படித்த கறுப்பின இளைஞர்களுக்கு மதிப்பான வேலையாயிற்று. குடிமை உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் 1950களின் தொடக்கத்தில் மிசிசிப்பி டெல்டாவில் மேக்னோலியா மியூச்சுவல் நிறுவனத்துக்காகக் குத்தகை விவசாயிகளின் வீடு வீடாகப் போனவர். அங்கே கண்ட வறுமை அவரைப் பொதுவாழ்வுக்குத் தள்ளியதாக வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

பழைய இனவாரி விலைகளின் வால் நீண்டது. பல பத்தாண்டுகளுக்கு முன் விற்ற பாலிசிகளில் கறுப்பினத்தாரிடம் கூடுதல் பிரீமியம் தொடர்ந்து வசூலானது தொடர்பாக, அமெரிக்கன் ஜெனரல் நிறுவனம் 2000இல் 20.6 கோடி டாலர் அளவிலான சமரசத்துக்கு உடன்பட்டது.

சரிவு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வேலைதரும் நிறுவனங்கள் வழியான குழுக் காப்பீடு பரவியது. வாரவசூல் படிப்படியாகத் தேய்ந்தது.

இன்றைய வடிவம்

தேவை தேயவில்லை. அரசு ஓய்வூதியத் திட்டம் இறப்பின்போது ஒருமுறை வழங்கும் தொகைக்கு 1954இல் விதிக்கப்பட்ட உச்சவரம்பு 255 டாலர். இன்றும் அதே 255 டாலர்தான். 1981 முதல் அதுவும் துணைவருக்கோ தகுதியுள்ள பிள்ளைகளுக்கோ மட்டுமே கிடைக்கிறது. தேசிய ஈமக்கிரியை இயக்குநர் சங்கத்தின் கணக்குப்படி 2023இல் பார்வைக்கு வைத்து அடக்கம் செய்யும் சடங்கின் இடைநிலைச் செலவு 8,300 டாலர். கல்லறை நிலம் இதில் சேராது.

தொலைக்காட்சியில் நெடுங்காலம் ஓடிய காலனியல் பென் விளம்பரம், ஒரு யூனிட் மாதம் 9.95 டாலர் என்றது. வயதும் பாலினமும் பொறுத்து யூனிட்டின் தொகை மாறும், விலை மாறாது. வாரத்தவணைக் காலத்து 5 சென்ட் ஏற்பாடு அப்படியே.

நேரில் வரும் முகவர் முதலில் கேட்பது மருந்துப் புட்டிகளை. மூதாட்டி அவற்றைச் சமையலறை மேசையில் வரிசையாக வைப்பார். இரத்த அழுத்த மாத்திரை என்றால் பெரும்பாலும் தடையில்லை. இன்சுலின், ஆக்சிஜன், அண்மையில் வந்த மாரடைப்பு என்றால் நிலைமை மாறும். உடல்நலக் கேள்விகளில் தேறியவருக்கு முதல் நாளிலிருந்தே முழுத்தொகை. தேறாதவருக்கு, கேள்வியே கேட்காத பாலிசி உண்டு. ஆனால் முதல் 2 ஆண்டுகளுக்குள் நோயால் இறந்தால், கட்டிய பணமும் சிறு வட்டியும் மட்டுமே திரும்பும். இந்தக் காத்திருப்பை வாங்குபவர் புரிந்துகொண்டாரா என்பதில்தான் நல்ல முகவரும் மற்றவரும் பிரிகிறார்கள். பிரீமியம் எடுக்கும் நாளும் முக்கியம். ஓய்வூதியம் பலருக்கு, பிறந்த தேதியைப் பொறுத்து, மாதத்தின் இரண்டாம், மூன்றாம் அல்லது நான்காம் புதன்கிழமை வங்கியில் விழுகிறது. அந்தப் புதனை விட்டுச் சில நாள் தள்ளினாலும் கணக்கு காலியாகியிருக்கலாம், தவணை தவறிப் பாலிசி காலாவதியாகும் நிலை வரலாம்.

முகவருக்குக் கிடைக்கும் முதலாண்டுக் கமிஷன், ஓராண்டுப் பிரீமியத்துக்கு நிகராகவோ அதை விஞ்சியோ இருப்பது வழக்கம். அதில் பெரும்பகுதி முன்பணமாக வருகிறது. பாலிசி ஆரம்ப மாதங்களில் நின்றால் திருப்பிப் பிடிக்கப்படும். விலாசப் பட்டியலுக்கும் தபால் அட்டைகளுக்கும் பெட்ரோலுக்கும் அவரே செலவழிக்கிறார். புதுக் கமிஷனுக்காகப் பழைய பாலிசியை நிறுத்தச் சொல்லி மாற்று விற்பவர்களும் உண்டு. அப்போது வயதுக்கேற்பப் பிரீமியம் ஏறுவதோடு 2 ஆண்டுக் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும்.

வாங்குபவருக்கு இது இலாபமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மாதம் 60 டாலர் வீதம் 15 ஆண்டுகள் கட்டினால் 10,800 டாலர். 10,000 டாலர் பாலிசிக்கு அது நட்டக்கணக்கு. காத்திருப்பு இல்லாத பாலிசியில் முதலாண்டிலேயே இறந்தால் குடும்பத்துக்குப் பேருதவி. சேமித்து வைக்கலாமே என்பார்க்கு, ஏழை முதியோர் உதவித்தொகை பெறுபவரின் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டினால் அத்தொகையே நின்றுவிடும் என்ற விதியை நினைவூட்ட வேண்டும். அதே விதிப்படி, பாலிசிகளின் முகமதிப்பு 1,500 டாலரை மீறினால் அவற்றின் சரண் மதிப்பும் சொத்தாக எண்ணப்படும். உரிமையை ஈமச்சடங்கு நிலையத்துக்குத் திரும்பப்பெற முடியாதபடி எழுதிக்கொடுப்பது இதற்கு ஒரு வழி.

2020க்குப் பின் தொலைபேசி விற்பனை பெருகியுள்ளது.

பாலிசி இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாமல் போவது பழைய சிக்கல். அரசின் இறப்புப் பட்டியலைப் பார்த்து ஆண்டுத்தொகையை நிறுத்திய நிறுவனங்கள், அதே பட்டியலைப் பார்த்துக் காப்புத்தொகை வழங்கவில்லை என்று மாநிலங்கள் விசாரித்தன. 2012இல் மெட்லைஃப் (பழைய மெட்ரோபாலிடன் லைஃப்) உட்படப் பல நிறுவனங்கள் உரியவர்களைத் தேடிக் கொடுக்க உடன்பட்டன. அவற்றில் வாரத்தவணைக் காலத்துப் பாலிசிகளும் இருந்தன. 2016 முதல் மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் தேசியச் சங்கம், இறந்தவர் பெயரில் பாலிசி உண்டா என்று உறவினர் இலவசமாகத் தேடும் வசதியை நடத்திவருகிறது.