மரத்தில் எழுந்தருளிய மகாலட்சுமி

கல்லிலும் செம்பிலும் குடியேறுவதற்கு முன்னால் நம் தெய்வங்கள் மண்ணிலும் மரத்திலும் குடியிருந்தன. இதற்குச் சாட்சி சொல்ல ஒரு பெரிய மனிதரை அழைக்கலாம். 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, மகேந்திரவர்ம பல்லவர்தாம்! விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் கண்ட அவர், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்கும் அதை எடுத்ததாகக் கல்லில் வெட்டி வைத்தார். 'மரம் இல்லாமல்' என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கிறதென்றால், அதுவரை மரம் இல்லாமல் கோயில் எழும்புவது அபூர்வம் என்றுதானே பொருள்?

கருங்கல் வந்தது. ஆனாலும் மரம் கருவறையை அடியோடு விட்டுவிடவில்லை. பூரி ஜகந்நாதர் இன்றும் மரம்தான். காஞ்சியில் 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்து வருகிற அத்திவரதரை 2019-இல் நாடே திரண்டு தரிசித்தது. திருக்கோவலூரில் உலகளந்த பெருமாளும் தாருமேனி, அதாவது மரத்தாலான மேனி உடையவர் என்றே சொல்லப்படுகிறார்.

அந்தத் திருக்கோவலூருக்குத் தென்மேற்கே, கல்வராயன் மலையைப் பார்த்தபடி கள்ளக்குறிச்சியும் சின்னசேலமும் இருக்கின்றன. சேலம்–விருத்தாசலம் ரயிலில் போகிறவர்கள் சின்னசேலத்தை ஒரு ஸ்டேஷன் என்ற அளவில் அறிவார்கள். இந்த வட்டாரத்துத் தச்சுப் பட்டறைகளில்தான் தேர்ச் சிற்பங்களும் கோயில் கதவுகளும், வீட்டுப் பூஜையறைக்கான லட்சுமியும் சரஸ்வதியும் உளியால் பிறக்கிறார்கள். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2021-இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பண்டைக் காலத்தில் மரத்தை வெட்டுவதே ஒரு சடங்கு. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய 'பிருகத் சம்ஹிதை'யில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. சுடுகாட்டில் வளர்ந்த மரம் ஆகாது. இடி விழுந்ததும் யானை முறித்ததும் தேன்கூடு உள்ளதும் ஆகாது. தகுந்த மரத்துக்கு இரவில் பூஜை செய்து, அதில் வாழும் பூதங்களை வேறிடம் போகும்படி வேண்டிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில், தேனும் நெய்யும் தடவிய கோடாலியால் வெட்ட வேண்டும். உயிருள்ள ஒன்றிடம் அநுமதி கேட்காமல் தெய்வத்தைச் செய்யலாகாது என்று நினைத்த காலம் அது!

வீட்டுப் பிரதிமைக்கு அளவும் உண்டு. கட்டைவிரல் கணு அளவிலிருந்து ஒரு சாண் வரை இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்கிறது மச்ச புராணம். சிற்ப சாஸ்திரமோ, நிற்கும் தேவியின் உயரத்தை மத்திம தசதாளத்தில் 120 பங்காகப் பிரிக்கச் சொல்கிறது. ஒரு சாண் என்பது ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். அதை 120-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒரு பங்கு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு! கண்ணும் மூக்கும் உதட்டின் சிரிப்பும் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும்.

செம்பானால் தவறினதை உருக்கி மறுபடி வார்க்கலாம். மரத்தில் உளி ஒரு நூல் தவறினால் தவறினதுதான். தச்சர், வெளிறு நீக்கி வைரம் பாய்ந்த கட்டையாகப் பொறுக்குகிறார். பச்சை மரம் காயும்போது வெடிக்கும், வெளிற்றைப் பூச்சி அரிக்கும். மரத்தின் ரேகை அடியிலிருந்து முடிவரை ஓடும்படி உருவத்தை நிறுத்துகிறார். ரேகைக்குக் குறுக்கே நீட்டிய மெல்லிய விரல் எளிதில் ஒடிந்துவிடும். ஆகவே கைகளை உடலோடு ஒட்டியே அமைக்கிறார். மரத்து அம்மனின் அடக்கத்திற்குப் பக்தி மட்டுமா காரணம்? மரத்தின் சுபாவமும்தான்.

வாங்கியபின் பாலும் தண்ணீரும் கொட்டி அபிஷேகம் செய்யவேண்டாம். மரத் திருமேனிகளுக்குக் கோயிலிலேயே தைலக்காப்புத்தான் வழக்கம். உலர்ந்த துணியால் துடைத்து ஒரு பூ வைத்தால் போதும். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

புவிசார் குறியீடு ஊரின் பெயரைத்தான் காக்கும், உருவத்தைக் காக்காது. வேறிடத்துச் சரக்கைக் கள்ளக்குறிச்சிச் சிற்பம் என்று விற்பது குற்றம். அதே லட்சுமியைக் கம்ப்யூட்டர் இயந்திரத்தில் நூறு பிரதி கடைந்து வேறு பெயரில் விற்பதை அது தடுக்காது. இயந்திரத்தின் நூறு லட்சுமிக்கும் ஒரே முகம். உளியின் லட்சுமிக்கோ, கட்டைக்குக் கட்டை ஒரு முகம்; விலையும் அதற்கேற்பக் கூடுதல். அந்தக் கூடுதலைக் கொடுக்க மனம் வருமா என்பதில் இருக்கிறது தச்சரின் பிழைப்பு. அவருடைய மகன் உளியைத் தொடுவானா, மாட்டானா என்பதும் அதில்தான் இருக்கிறது.

மகேந்திரவர்மர் மரத்தை ஒதுக்கிய பிறகும் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் மரத்தச்சர் பிழைத்திருந்தார். ஒரு மன்னரின் கல்லுக்குத் தாக்குப்பிடித்தவர், நம்முடைய பேரத்துக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும்.