அங்கவடி எலும்பைக் கண்டவர் யார்?

மனித உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றுள் மிகச் சிறியது நம் செவிக்குள் இருக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அரிசி மணியின் பாதியளவே எனலாம். குதிரை ஏறுவோர் கால் வைக்கும் அங்கவடியின் வடிவில் இருப்பதால் அதற்கு அங்கவடி எலும்பு என்று பெயர்.

செவிப்பறைக்கு அப்பாலுள்ள நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி ஆகிய மூன்று எலும்புகள் சங்கிலிபோல் இணைந்துள்ளன. காற்றில் வரும் ஒலி செவிப்பறையை அசைக்கிறது. அவ்வசைவை இவை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, உட்செவியிலுள்ள நீர்மத்தில் சேர்க்கின்றன. இவை இல்லையெனில் ஒலியின் பெரும்பகுதி நீர்மத்துள் புகாமல் திரும்பிவிடும்.

இத்துணை இன்றியமையாத எலும்பு நெடுங்காலம் அறியப்படாமல் கிடந்தது. இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த வெசாலியஸ், 1543-இல் புகழ்பெற்ற தம் பெருநூலை வெளியிட்டார். அதில் சுத்தியும் பட்டடையும் மட்டுமே இடம்பெற்றன. மண்டையோட்டின் கடினமான எலும்புக்குள் ஒளிந்திருந்த மூன்றாவது எலும்பு அவர் கண்ணுக்கும் தப்பிவிட்டது.

அதனைக் கண்டவர் இங்ராசியா. சிசிலித் தீவில் 1510-இல் பிறந்த இவர், நேப்பில்ஸ் நகரில் மருத்துவ ஆசிரியராக இருந்தபோது, 1546-ஆம் ஆண்டளவில் அவ்வெலும்பைக் கண்டு மாணவர்க்குக் காட்டினார். பழைய உரோமர் அங்கவடியை அறியார். ஆதலால் அவர்களுடைய இலத்தீனில் அதற்குச் சொல் இல்லை. பிற்காலத்தார் ஆக்கிக்கொண்ட சொல்லே இவ்வெலும்புக்குப் பெயராயிற்று.

இங்ராசியா தம் கண்டுபிடிப்பை உடனே அச்சிடவில்லை. அதற்குள் வேறு சிலர் உரிமை கொண்டாடினர். 1559-இல் வெளிவந்த நூலில் ரெயால்டோ கொலம்போ அதைத் தமது என்றார். ரோமாபுரி மருத்துவர் யூஸ்டாக்கியோ, 1562-இல் எழுதிய கட்டுரையில், தாமே கண்டதாகக் கூறினார். அவர்கள் தனித்தனியே கண்டிருக்கவும் கூடும்.

இவ்வழக்கில் நடுநின்றவர் பதுவாவின் பேராசிரியர் பலோப்பியோ. அவரும் அத்துறையில் முன்னணி ஆராய்ச்சியாளர்; புதியன பல கண்டவர். ஆயினும் 1561-இல் வெளியிட்ட தம் நூலில், அங்கவடி எலும்பைக் கண்ட பெருமை இங்ராசியாவுக்கே உரியது என்று எழுதினார். அப்போது இங்ராசியாவின் நூல் அச்சேறியிருக்கவில்லை. 1580-இல் அவர் மறைந்தார். எலும்புகளைப் பற்றிய அவரது விளக்கவுரை 1603-இல்தான் பலெர்மோ நகரில் வெளிவந்தது.

நூலின் ஆண்டை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால், இங்ராசியாவின் பெயர் வரிசையின் கடைசியில் நின்றிருக்கும். இன்று மருத்துவ வரலாற்றாசிரியர் பலரும் அவரையே முதல்வராகக் கூறுகின்றனர். ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் காட்டிய உண்மை அச்சில் வராமலே நிலைபெற்றது. பிறர் பெருமையைத் தமதாக்கிக்கொள்ளாத அறிஞர் ஒருவர் அதற்குச் சான்று பகர்ந்தார். கண்டறிதலைப் போலவே அந்த நேர்மையும் அறிவியலுக்கு இன்றியமையாதது.