பதவி முதலில், பாடத்திட்டம் அடுத்து: திருவண்ணாமலையை முன்வைத்து மழலையர் பராமரிப்புக் கல்வி பற்றி

தமிழ்நாட்டில் 54,439 குழந்தைகள் மையங்கள் இருக்கின்றன. ஊரில் அவற்றை இன்றும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். அங்கே பணியாளராகச் சேரப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அதே ஊரிலோ அருகிலோ வசிக்க வேண்டும். மழலையர் கல்வியில் பட்டயம் பெற்றிருக்கிறாரா என்று விண்ணப்பத்தில் யாரும் கேட்பதில்லை. இந்தக் குறையைப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் தீர்வு, கல்லூரிகளில் புதிய படிப்பு தொடங்குவது. அந்தத் தீர்வு வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது என்பது என் வாதம். படிப்பைக் கேட்கும் பதவி இல்லாத இடத்தில் படிப்பைத் திறந்தால், அதில் சேரும் பெண்கள் இரண்டு ஆண்டுகளையும் கட்டணத்தையும் இழப்பார்கள். முதலில் பதவியை உருவாக்க வேண்டும். பாடத்திட்டத்தை அந்தப் பதவிக்காக, ஏற்கெனவே குழந்தைகளோடு இருப்பவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து எழுத வேண்டும்.

இதைத் திருவண்ணாமலையை வைத்துப் பேசக் காரணம் உண்டு. 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 24.64 லட்சம் மக்கள்; ஐந்தில் நான்கு பங்கினர் கிராமத்தார். குழந்தைப் பருவம் இங்கே ஒரே மாதிரியாக இல்லை. நகரத்தில், பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பூவும் தேநீரும் விற்கும் தாய்க்குக் குழந்தையை விட்டுச் செல்ல இடம் தேவைப்படுவது இரவில். மையமோ மாலைக்கு முன்பே பூட்டப்படுகிறது. செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் பெற்றோர் கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்விட, பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் நாள்தோறும் போய்வருகிறார்கள். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றிய சிற்றூர்களில், மையத்துக்கு வரும் வழியே பிள்ளைக்குச் சவால். இந்த நான்கு சூழல்களையும் ஒரே கையேடு ஆளமுடியாது. கிரிவலப் பாதைக்குக் காப்பகம் நடத்தத் தெரிந்தவர் வேண்டும். பெங்களூரு போனவர்களின் பிள்ளைக்கோ, பிரிவைப் புரிந்துகொண்டு பாட்டியோடு பேசத் தெரிந்தவர் வேண்டும்.

நம்மிடம் மரபு இல்லாமல் இல்லை. 1939இல் சென்னை அடையாற்றில் மரியா மாண்டிசோரி நேரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கோவையில் 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி குழந்தை வளர்ச்சியைக் கல்லூரிப் பாடமாக வளர்த்தது. ஆனால் இந்த ஓடையின் பலன் பெரும்பாலும் நகரத்து நர்சரிப் பள்ளிகளுக்கும் கல்லூரி விரிவுரையாளர் பணிக்கும் போய்ச் சேர்ந்தது என்றே மதிப்பிடுகிறேன். கிராமத்துக் குழந்தையிடம் அரசு வந்தது வேறொரு ஓடை வழியாக, உணவின் வழியாக. 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை கூடாத பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தது. அதன் பணியாளராக உள்ளூர்ப் பெண்களை, தன் பிள்ளையை நன்றாக வளர்த்துக் காட்டிய தாய்மார்களை, தேடி எடுத்தார்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். குழந்தையைப் படித்தவர்கள் ஒரு பக்கம், குழந்தைக்குச் சோறிட்டவர்கள் மறுபக்கம். இரண்டையும் இணைக்கச் சொன்னவர் மீனா சுவாமிநாதன். 1972இல் அவர் தலைமையிலான ஆய்வுக் குழு, உணவும் உடல்நலமும் கல்வியும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்றது. 1975 அக்டோபர் 2இல் பிறந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கருத்து அங்கிருந்து வந்தது. கருத்து ஒருங்கிணைந்தது, ஆள் ஒருவர்தான். அவருக்கு வகுக்கப்பட்ட பணிப் பயிற்சி 26 வேலை நாட்கள்.

அந்த ஒருவரின் காலைப் பொழுதைப் பாருங்கள். பிள்ளைகளை வரவேற்று, வருகை குறித்து, கைப்பேசிச் செயலியில் ஏற்றி, ஆயா சமைப்பதை மேற்பார்த்து, இணை உணவு வாங்க வரும் கர்ப்பிணிக்குப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, எடை பார்த்து, தடுப்பூசி நாளுக்குச் செவிலியரோடு நின்று, இடையில் வாக்காளர் பட்டியல் வேலைக்கும் போய்வர வேண்டும். மிச்ச நேரத்தில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம். அந்தப் பாடத்திட்டம் நல்ல முயற்சி; பாட்டும் கதையும் கைவேலையும் கொண்டது. அதை நடத்துவதற்கான நேரம்தான் இல்லை.

இங்கே என் வாதத்துக்கு எதிராக நிற்கக்கூடிய வலுவான சான்றை முதலில் வைக்கிறேன். கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டின் 320 மையங்களில் நடத்திய ஆய்வு 2024இல் 'ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் எகானமி' இதழில் வந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களில், முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டித்தது. பதினெட்டு மாதங்களில் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்க அளவுக்குப் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய பணியாளருக்கு ஓய்ந்த நேரம் ஊட்டச்சத்துப் பணிக்குப் போனதால் வளர்ச்சிக் குறைவும் தணிந்தது. கூடுதலாக வந்தவர்கள் பட்டதாரி வல்லுநர்கள் அல்லர்; குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். அப்படியானால் கல்லூரிப் படிப்பு எதற்கு?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆள் இல்லாத இடத்தில் ஓர் ஆளைச் சேர்த்தாலே பெரும் பயன் உண்டு என்று ஆய்வு நிறுவுகிறது. அதை முழுமையாக ஏற்கிறேன். பேச்சு வராத மூன்று வயதுக் குழந்தையை அடையாளம் காண்பதற்கும், அடிபட்ட குழந்தையின் ஒதுங்கலைக் கவனிப்பதற்கும் குறுகிய பயிற்சி போதுமா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆகவே நான் எடுக்கும் முடிவு இது: ஒவ்வொரு மையத்திலும் முன்பருவக் கல்விப் பணியாளர் என்ற இரண்டாம் பதவி வேண்டும். கல்லூரிப் படிப்பு அந்தப் பதவியில் நிலைபெறவும் உயரவும் உதவும் ஏணியாக வேண்டும்.

பதவி இல்லாமல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை நாமே பார்த்தோம். 2019 ஜனவரியில் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்குப் பயின்றவர்கள் தாங்கள் என்று அவர்கள் எதிர்த்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது: மூன்று வயதுப் பிள்ளைக்குக் கற்பிப்பது தொடக்கப் பள்ளி வேலையின் எளிய வடிவம் அல்ல. 2022இல் ஆசிரியர்களைப் பள்ளிக்கே திருப்பி அழைத்தார்கள். வகுப்புகள் மூடப்படும் என்ற எதிர்ப்பு எழுந்ததும் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்தினார்கள். பெற்றோரின் விருப்பம் உண்மையானது, வகுப்பறையும் தயாராக இருந்தது. அந்த வகுப்பறைக்குரிய நிரந்தரப் பணியிடம் மட்டும் எந்த விதியிலும் இல்லை.

தகுதியை உயர்த்தினால் ஏழைப் பெண்களும் கைம்பெண்களும் வெளியே தள்ளப்படுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. நுழைவுத் தகுதியை உயர்த்தினால் அதுதான் நடக்கும். நான் கேட்பது நுழைந்தபின் படிப்பதற்கான உரிமை. அமெரிக்காவில் 1975இலேயே வழங்கத் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் துணைவர் சான்றுக்கு 120 மணி நேர வகுப்போடு 480 மணி நேரப் பணி அனுபவம் கேட்கிறார்கள். குழந்தைகளோடு கழித்த நேரமே அங்கே தகுதியின் பெரும்பகுதி. பின்லாந்து 1995இல் மழலையர் ஆசிரியர் கல்வியைப் பல்கலைக்கழகத்துக்கே கொண்டுசென்றது. அந்த நாட்டின் ஊதியமும் குழந்தை எண்ணிக்கையும் நமக்கு இல்லாததால் அந்த வழி நமக்கு உடனே பொருந்தாது. நம் நாட்டின் 2020 தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டு படித்த பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ், குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம், அதுவும் தொலைக்காட்சி, கைப்பேசி வழியாக என்கிறது. பதிவேடும் செயலியும் எழுதிச் சோர்ந்த பெண்ணிடம் இன்னொரு திரையைக் கொடுப்பது கல்வி ஆகாது. படிப்பு முடிந்தபின் ஊதியம் உயருமா என்பதற்கும் கொள்கையில் தெளிவான பதில் இல்லை. 2018 முதல் நடுவணரசு முதன்மை மையப் பணியாளருக்குக் கணக்கிடும் மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதைச் சொல்லவே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது.

குழந்தைப் பணியோடு மனித சேவைப் பணிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டிய ஊர் இது. தீபத் திருவிழாவில் கூட்டத்தில் தொலையும் பிள்ளைகள், கோயில் வாசலை நம்பி வந்த முதியோர், மனநோயோடு அலைபவர்கள் என்று எல்லாருக்கும் இந்த நகரம் ஏதோ ஒரு வகையில் சோறிடுகிறது. 2017 மனநல மருத்துவச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, அலைபவரைப் பாதுகாப்பில் எடுக்கும் கடமையைக் காவல் நிலையத்துக்குத் தருகிறது; அவரோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவர் யார் என்று சட்டம் சொல்லாது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டமும் அப்படியே: ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது, அதை நடத்துபவர் என்ன படித்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. செய்யாறு வட்டாரத்தில் மட்டும் இந்த ஒரு விதி எத்தனையோ பெண்களுக்கு நல்ல வேலை ஆகியிருக்கும்.

செய்யக்கூடியது இது. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த திருவண்ணாமலைக் கல்லூரிகளில் ஒன்று, கீழ்பென்னாத்தூர் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனத்தோடும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடும் சேர்ந்து இரண்டாண்டுப் பட்டயம் நடத்தலாம். இடங்களில் பாதி பணியிலுள்ள பால்வாடிப் பணியாளருக்கு; ஐந்தாண்டு அனுபவத்துக்கு ஒரு பருவத்தின் மதிப்பெண் தகுதி; வகுப்பு நாட்களில் மையத்தை நடத்தப் பதிலாள், ஊதியக் குறைப்பு இல்லாமல். மீதிப் பாதி பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு; புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அவர்களில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கைகொடுக்கும். பயிற்சிக் களம் மையமே. புதிதாகப் படிப்பவர் அரைநாள் அங்கே கற்பிக்கட்டும். மூத்த பணியாளரை அவருடைய கள ஆசிரியராகப் பல்கலைக்கழகம் அங்கீகரித்து ஊதியம் தரட்டும்.

சமூக நலத்துறை பணி விதிகளில் இரண்டாம் பதவியைச் சேர்க்கும் அரசாணை வராமல் இவற்றில் எதையும் தொடங்க வேண்டாம் என்று பாடத்திட்டக் குழுவில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டயத்தின் பெயரை முடிவு செய்யும் கூட்டத்துக்கு முன், அந்த ஆணையைக் கேட்டு அரசுக்கு ஒரு தீர்மானம் அனுப்புங்கள்.