வாலைக் குளிர்விப்பு (இராமநாதபுரம் கடற்கரை)
நீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்துத் துளியாகச் சேர்க்கும் கலன் வாலை. சித்த மருத்துவத்தில் ஓமத் தீநீர் இறக்குவது இதில்தான்.

வடிப்பில் அடுப்பைவிடக் குளிர்விப்பே பெரிய சிக்கல். ஒரு லிட்டர் வடிநீர் இறங்கும்போது ஆவி சுமார் 540 கிலோகலோரி வெப்பத்தை விடும். குளிர்நீர் 10 பாகை சூடேறலாம் என்று விட்டால்கூட 54 லிட்டர் ஓட வேண்டும். நீரைக் கீழே விட்டு மேலே வெளியேற்றினால் குழாய் முழுதும் நிறைந்து குளிரும். ஆவி மேலிருந்து இறங்கும். குடிநீருக்கே குடத்தோடு அலையும் இராமநாதபுரத்தில் இதற்குக் கிணற்றைக் காலி செய்வது அபத்தம், கடல்நீரே கதி. ஆனால் அது சாதாரணத் துருப்பிடிக்காத எஃகையும் குழிவிழ அரிக்கும். செம்பு-நிக்கல் கலவையோ டைட்டானியமோ தாங்கும்.

கடல்நீரால் குளிர்விப்பதற்கு முன்மாதிரி உண்டு: இலட்சத்தீவின் கவரத்தியில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் அமைத்த நிலையம், சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீரால் ஆவியை ஒடுக்கி நாளுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கிறது. இராமேசுவரத்துக்கு வடக்கே பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டர்கூட ஆழமில்லை. அந்தக் குளிர்ச்சி அங்கே கிடைக்காது. இம்மாவட்டத்தின் நரிப்பையூரில் அமைந்த கடல்நீர்க் குடிநீர் ஆலை சவ்வு முறையைச் சேர்ந்தது. அதற்குக் குளிர்விப்பானே வேண்டியதில்லை.