பேருலகும் சிற்றுலகும்



இரவு வானத்தை அண்ணாந்து நோக்கும் மனிதன் தன்னை மிகச் சிறியவனாக உணர்கிறான். பண்டைக் கிரேக்க அறிஞர் சிலரோ அதே வானத்தை நோக்கி வேறொன்று நினைத்தனர். அங்கே நிலவும் ஒழுங்கே தம்முள்ளும் நிலவுகிறது என்று அவர்கள் கருதினர். பேருலகின் அமைப்பே சிற்றுலகாகிய மனிதனிடத்தும் அமைந்துள்ளது என்னும் இக்கொள்கை, ஐரோப்பியர் சிந்தனையில் ஈராயிரம் ஆண்டுகள் செல்வாக்குப் பெற்றிருந்தது. அது மனித அறிவை எங்ஙனம் உயர்த்தியது, எங்கே இடறச் செய்தது என்பதையே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

கிரேக்கர் உலகத்தைக் 'காஸ்மாஸ்' என்று அழைத்தனர். ஒழுங்கு, அணி என்பன அச்சொல்லின் பழம்பொருள்கள். உலகுக்கு இப்பெயர் வாய்த்ததே ஒரு பெரிய சிந்தனையன்றோ? கி.மு. 6-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த மிலீட்டஸ் நகரில் வாழ்ந்தவர் அனாக்சிமனீஸ். உயிர்மூச்சாகிய காற்று நம் உடலைக் கட்டிக் காப்பது போலவே, உலகம் முழுவதையும் காற்றுச் சூழ்ந்து நிற்கிறது என்றார் அவர். அடுத்த நூற்றாண்டில் அப்டீரா நகரத்தில் பிறந்த டெமாக்ரிட்டஸ், மனிதனைச் 'சிறிய காஸ்மாஸ்' என்றே குறித்ததாகப் பிற்கால ஆசிரியர் எழுதி வைத்துள்ளனர்.

பிளேட்டோ இக்கருத்தை மேலும் வளர்த்தார். உலகமே உடலும் உயிரும் அறிவும் உடைய ஒரு பேருயிர் என்று 'டிமேயஸ்' என்னும் நூலில் அவர் விளக்குகிறார். மனிதனின் தலை உருண்டையாக இருப்பது உலகின் உருண்டை வடிவைப் பின்பற்றியே என்பது அவர் கூற்று. வானத்துக் கோள்களின் சீரான இயக்கத்தைக் கற்பவன், தன் உள்ளத்தின் தடுமாற்றத்தையும் சீர்ப்படுத்திக்கொள்வான் என்றும் அவர் நம்பினார். வானநூல் கற்பது ஒழுக்கம் கற்பதற்கும் துணையாகும் என்னும் இவ்வெண்ணம் எத்துணை உயர்ந்தது!

இக்கொள்கையால் விளைந்த நன்மை பெரிது. சிறியதை அறிந்தால் பெரியதையும் அறியலாம், உலகம் மனித அறிவுக்கு எட்டாத புதிர் அன்று என்னும் துணிவை அது அளித்தது. அத்துணிவின்றி விஞ்ஞானம் பிறந்திராது என்பது என் கருத்து.

எனினும், ஒப்புமை அழகாக இருந்துவிட்டால், அதுவே உண்மை என்று மயங்குவது மனித இயல்பு. கிரேக்க மருத்துவத்தை நோக்குங்கள். உலகில் நிலம், நீர், தீ, காற்று எனப் பூதங்கள் நான்கு. ஆண்டில் பருவங்கள் நான்கு. ஆகவே உடலிலும் குருதி, கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நீர்மங்கள் நான்கு என்று வகுத்தனர். இளவேனிலில் குருதி மிகும், குளிர்காலத்தில் கோழை மிகும் என்றனர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கேலன் என்னும் மருத்துவர் இதனை மேலும் விரித்துரைத்தார். மிகுந்த நீர்மத்தைக் குறைப்பதே மருத்துவம் என்று கருதி, நோயாளியின் குருதியை வடிக்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. அழகிய ஒப்புமை ஒன்றை ஆராயாது நம்பியதற்கு, எத்தனை நோயாளிகள் தம் குருதியை விலையாகக் கொடுத்தனர்!

இம்மயக்கத்திலிருந்து மீளும் வழியை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வியிடம் காண்கிறோம். 1628-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில், இதயம் சிற்றுலகின் கதிரவன் என்று அவரும் எழுதினார். கடல்நீர் ஆவியாகி, மழையாகி மீள்வது போலக் குருதியும் சுற்றி வருகிறது என்று அவரும் ஒப்புமை கூறினார். ஆனால், அவர் அத்துடன் நின்றுவிடவில்லை, கணக்கிட்டார். இதயம் அரை மணி நேரத்தில் ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளிவரும் குருதி மிகச் சிறிதே எனக் கொண்டாலும், அதன் மொத்தம் உடலில் உள்ள குருதி முழுவதையும் விஞ்சுகிறது. உண்ணும் உணவிலிருந்து இவ்வளவு குருதி இடைவிடாது தோன்ற இயலாது. ஆகவே, ஒரே குருதிதான் சுற்றிச் சுற்றி வருதல் வேண்டும் என்று நிறுவினார். ஒப்புமை வினாவை எழுப்பியது. அளவை விடை தந்தது.

சிறியதும் பெரியதும் எல்லா வகையிலும் ஒன்றல்ல என்பதை 1638-இல் கலிலியோ காட்டினார். ஒரு விலங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்காக்கினால், அதன் எடை எட்டு மடங்காகும். எலும்பின் வலிமையோ நான்கு மடங்கே ஆகும். ஆகவே, பெரிய விலங்கின் எலும்பு வடிவிலேயே தடித்திருத்தல் வேண்டும். அணுவின் வரலாறும் இதனையே கூறுகிறது. 1913-இல் நீல்ஸ் போர், கோள்கள் கதிரவனைச் சுற்றுவது போல எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சுற்றுவதாக ஓர் உருவம் அமைத்தார். அது பெரிதும் பயன்பட்டது. ஆயினும், 1925, 1926 ஆண்டுகளில் தோன்றிய குவாண்டம் இயக்கவியல், அணு சிறிய கதிரவ மண்டலம் அன்று என்று தெளிவாக்கியது.

அப்படியாயின், கிரேக்கர் கண்டது வெறும் கனவோ? அன்று. 1687-இல் நியூட்டன், மரத்திலிருந்து விழும் கனியையும் வானில் சுற்றும் திங்களையும் ஒரே விதி ஆள்வதைக் கணக்கிட்டுக் காட்டினார். பேருலகிலும் சிற்றுலகிலும் ஒன்றாக இருப்பது உருவம் அன்று, விதியே.

மாணவ நண்பர்களே! இரு பொருள்களிடையே ஒப்புமை கண்டால் மகிழுங்கள். அது அறிவின் வாயிற்படி. ஆனால், அப்படியிலேயே அமர்ந்துவிடாதீர்கள். அளந்து, ஆராய்ந்து, உள்ளே செல்லுங்கள்.